சைக்ளோன் அடைப்பில் பிள்ளைகளுக்கு என்ன விளையாட்டு? அளவோடு, விவரத்தோடு சொல்லுங்கள்

சவுக்குத்தோப்பு (இழையைத் தொடங்கியவர்):

நவம்பர் 1 தொடங்கி மே 15 வரைக்கும் நம்ம மொரீசியஸுக்கு சைக்ளோன் பருவம். டார்ச், மெழுகுவத்தி, சார்டின் டப்பா, பிஸ்கட், தண்ணி டிரம் என்று எல்லா வீட்டிலும் ஒரு பட்டியல் இருக்கும். அதில் பிள்ளைகளுக்கென்று ஒரு வரி கூட இருப்பதில்லை. கிளாஸ் 3 சைக்ளோன் எச்சரிக்கை வந்ததும் கதவு சன்னல் எல்லாம் அடைத்தாகிவிடும். பிறகு கரண்ட் போகும், வைஃபை போகும், போன் சார்ஜை வானிலைச் செய்திக்காக மிச்சம் பிடிக்க வேண்டும். மூன்று வயசும் எட்டு வயசும் பன்னிரண்டு வயசும் ஒரே அறையில், ஒன்றிரண்டு நாள்.

2020 மார்ச் 20 முதல் மே 30 வரை இருந்த கொரோனா அடைப்பைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அப்போது கரண்ட் இருந்தது, முற்றம் இருந்தது, டிவியில் பாடம் கூட வந்தது. சைக்ளோன் அடைப்பு வேறு. இருட்டிலும் இரைச்சலிலும் புழுக்கத்திலும் நடக்கக்கூடிய விளையாட்டாகச் சொல்லுங்கள். எது சொதப்பும், ஏன் சொதப்பும் என்பதும் வேண்டும்.

பாலர்வகுப்பு டீச்சர், ரோஸ் ஹில்:

முதலில் நேரக்கணக்கு. கிளாஸ் 1 என்றால் மணிக்கு 120 கிமீ வேகக் காற்று வீச இன்னும் 36 முதல் 48 மணி நேரம் இருக்கிறது. கிளாஸ் 2-இல் ஏறக்குறைய 12 மணி நேரப் பகல் வெளிச்சம், கிளாஸ் 3-இல் 6 மணி நேரம். அந்தக் காற்று எங்காவது பதிவாகிவிட்டால் கிளாஸ் 4. பிள்ளைகளின் பெட்டியை கிளாஸ் 1-லேயே கட்டிவிட வேண்டும். கிளாஸ் 3-இல் பெரியவர்களுக்குக் கை ஓயாது, பெட்டியை யாரும் நினைக்க மாட்டார்கள். கட்டும்போது பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். தன் கையால் எடுத்து வைத்த சாமான் இருட்டில் எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும், அதுவே பாதி தைரியம்.

மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும். உள்ளே புளியங்கொட்டை ஒரு டம்ளர், துணிப்பை அஞ்சாங்கல் ஒரு செட், காகித மாஸ்கிங் டேப் ஒரு சுருள், பழைய படுக்கை விரிப்பு, துணி கிளிப் ஒரு டஜன், பஞ்சு, ஸ்ட்ரா, பென்சில், வெள்ளைத்தாள், விளையாட்டுக்கென்றே தனியாக ஒரு டார்ச். வீட்டு டார்ச்சைக் கொடுத்தால் நடுராத்திரி கூரை ஒழுகும்போது அதில் பேட்டரி இருக்காது.

ஒன்றை மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள். மெழுகுவத்தி மாதிரி மினுக்கும் சின்ன எல்இடி விளக்குகளுக்குள் காசு வடிவ பட்டன் பேட்டரி இருக்கிறது. மூடி எளிதில் கழன்றுவிடும். பிள்ளை அதை விழுங்கினால் தொண்டைக்குழாயில் சிக்கி, இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடனே சாமு ஆம்புலன்ஸை 114-இல் கூப்பிடுங்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளை விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், உதவி வரும்வரை 10 நிமிடத்துக்கு ஒரு தடவை 10 மில்லி தேன் கொடுக்கலாம், அதிகபட்சம் ஆறு தடவை. தேன் அரிப்பைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தீராது. சைக்ளோன் நடுவில் ஆம்புலன்ஸ் வருவதே பாடு என்பதால் அந்த விளக்கு வீட்டிலேயே வேண்டாம்.

தண்ணி பிடித்து வைத்த டிரம், வாளி எல்லாவற்றையும் மூடிவையுங்கள், குளியலறைக் கதவுக்குத் தாழ் போடுங்கள். தவழ்கிற, தத்தித் தத்தி நடக்கிற பிள்ளை தலைகுப்புற விழுந்தால் நாலு விரல்கடைத் தண்ணியே போதும்.

புளியங்கொட்டை, மாயேபூர்:

டீச்சர் சொன்ன அந்த ஒரு டம்ளர் கொட்டையில் இரண்டு ஆட்டம் இருக்கிறது.

பல்லாங்குழிக்குப் பலகை தேட வேண்டாம். 30 முட்டை அட்டை 5-க்கு 6 குழியாக இருக்கும். இரண்டு வரிசை வெட்டினால் 12 குழிதான் வரும், நமக்கு 14 வேண்டும். அதனால் இரண்டு அட்டையில் வெட்டி ஒட்டுங்கள், ஒட்டும் இடத்துக்கு அடியில் ஒரு தடித்த அட்டைத்துண்டு கொடுங்கள். இல்லையென்றால் நடுவில் மடங்கி, நாலாவது குழிக் காய் ஐந்தாவதில் கொட்டும், அதோடு சண்டை. குழிக்கு 5 வீதம் 70 கொட்டை. ஈரக்காற்றில் முட்டை அட்டை நமுத்துப்போகும், ஆகவே ஆட்டம் முடிந்ததும் டப்பாவுக்குள் வையுங்கள். ஐந்து வயசுக்கு 14 குழி அதிகம். ஆளுக்கு 4 குழி, குழிக்கு 3 கொட்டை என்று தொடங்கினால் ஒரு ஆட்டம் பத்து நிமிஷத்தில் முடியும், தோற்றாலும் அடுத்த ஆட்டம் வரும் என்கிற நம்பிக்கை இருக்கும்.

தாயத்துக்கு நாலு கொட்டை. ஒரு பக்கத்தை மட்டும் சிமென்ட் தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்க்க வேண்டும். ஒரு வெள்ளை விழுந்தால் தாயம், பிறகு இரண்டு, மூன்று, நாலும் வெள்ளையானால் நாலு, நாலும் கறுப்பானால் எட்டு. பிள்ளைகள் உற்சாகத்தில் கொட்டையைத் தட்டையாகவே தேய்த்துவிடுவார்கள். அப்படியானால் தட்டைப்பக்கம் தரையில் குந்திக்கொண்டு எப்போதும் கறுப்பே மேலே நிற்கும், எல்லாருக்கும் எட்டு எட்டாக விழும், தாயம் விழாமல் காய் இறங்காது. மேல்தோல் மட்டும் போனால் போதும், முதுகு உருண்டையாகவே இருக்கட்டும். தேய்க்கிற வேலையே எட்டு வயசுக்காரனுக்கு அரைமணி நேரம். சூடாகும், விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான், காற்றின் இரைச்சலைக் கொஞ்ச நேரம் மறப்பான்.

மூன்று வயசுக்குக் கீழே பிள்ளை இருக்கிற அறையில் கொட்டை வேண்டாம். கழிவறைக் காகித உருளைக்குள் நுழைகிற எதுவும் அந்த வயசின் தொண்டைக்கு ஆபத்து.

ஊசிநூல்:

அஞ்சாங்கல் துணிப்பை தைப்பதற்கு: 6 செமீ சதுரத் துண்டு இரண்டு, பருத்தித் துணி. பட்டுப் புடவைத் துண்டு கையில் வழுக்கும். மூன்று பக்கம் பின்தையல் போட்டுத் திருப்பி, பருப்போ அரிசியோ ஒன்றரை மேசைக்கரண்டி போட்டு நாலாவது பக்கத்தை மூடுங்கள். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பினால் போதும். முழுக்க நிரப்பினால் கையின் முதுகில் நிற்காமல் உருண்டு ஓடும். கல்லை விட இது நல்லது, இருட்டில் தூக்கிப்போட்டு முகத்தில் விழுந்தாலும் காயமில்லை. சைக்ளோன் முடிந்ததும் பிரித்து அரிசியைக் கொட்டிவிடுங்கள், ஈரத்தில் வண்டு வைத்துவிடும்.

இரட்டைவால், வாக்குவா:

உட்கார்ந்து ஆடுவதெல்லாம் சரி அக்கா. ஆனால் ஓடாத பிள்ளை தூங்காது. ஐந்து வயசுக்கு மேல் தினம் சராசரி 60 நிமிஷம் நல்ல மூச்சு வாங்கும் அசைவு வேண்டும், ஒன்று முதல் நாலு வயசுக்கு நாள் முழுக்கப் பரவலாக 180 நிமிஷம் என்கிறது உலகச் சுகாதார அமைப்பு. சன்னல் அடைத்த அறையில் அதை எப்படிச் செய்வது?

பாலர்வகுப்பு டீச்சர், ரோஸ் ஹில்:

ஒரே மூச்சாக வேண்டாம், பத்துப் பத்து நிமிஷமாக உடையுங்கள். இடம் எது என்பதுதான் முக்கியம். கண்ணாடி சன்னல் இல்லாத உள் தாழ்வாரம், அல்லது காற்று அடிக்காத பக்கத்து அறை. காற்றுப் பக்கத்துச் சுவரோரம் பிள்ளையை ஓடவே விடக்கூடாது.

ஓட்டத்தை விட பாரம் தள்ளுகிற, இழுக்கிற வேலை பிள்ளையைச் சீக்கிரம் அமைதியாக்கும். போர்வையில் தம்பியை உட்கார வைத்து டைல்ஸ் தரையில் இழுப்பது, இரண்டு கையாலும் சுவரைத் தள்ளி இருபது எண்ணுவது, நண்டு நடையில் பத்து டைல்ஸ் தாண்டுவது. தரையில் மாஸ்கிங் டேப்பை வளைத்து வளைத்து ஒட்டி, தலையில் துணிப்பை வைத்துக்கொண்டு அதன்மேல் நடக்கச் சொல்லலாம். டேப்பை மூன்று நாளுக்குள் உரித்துவிடுங்கள், விட்டால் பசை தரையில் நிற்கும்.

பயந்திருக்கிற பிள்ளைக்குப் பஞ்சு ஊதுவது நல்லது. தரையில் இரண்டு மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு, நடுவில் பஞ்சு உருண்டை, ஸ்ட்ராவால் ஊதி எதிர்க்கோட்டைத் தாண்ட வைக்க வேண்டும். மெதுவாக நீள ஊதினால்தான் பஞ்சு நேராகப் போகும், வேகமாக ஊதினால் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் ஓடும். மூச்சை நீளமாக வெளியே விட விட நெஞ்சு படபடப்பு அடங்கும். "மூச்சை இழுத்து விடு கண்ணா" என்று பத்து தடவை சொல்வதை விட இது எவ்வளவோ மேல். ஐந்து ஊதலுக்கு ஒரு ஓய்வு கொடுங்கள், தலை சுற்றும்.

அடைத்த வீட்டில் புழுக்கம் தாங்காது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு ஒரு டம்ளர் தண்ணி. ஆட்டம் உச்சத்துக்குப் போகும் முன்னாலேயே நிறுத்துங்கள், சைக்ளோன் ராத்திரியில் உடைந்த கைக்குக் கட்டுப்போட ஆள் கிடையாது.

கட்டம்_காகிதம்:

ஒன்பது வயசுக்கு மேல் உள்ளவர்களுக்குச் சைக்ளோனையே விளையாட்டாக்கலாம். ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் வைத்து, தெற்கு 10 முதல் 25 பாகை, கிழக்கு 50 முதல் 70 பாகை, ஒரு பாகைக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கட்டம் போடுங்கள். 20.2 தெற்கு, 57.5 கிழக்கில் நம்ம தீவு. ஒரு பாகை அட்சம் 111 கிமீ, நம்ம பக்கத்தில் ஒரு பாகை தீர்க்கம் 104, 105 கிமீ. வானொலியில் மையத்தின் இடத்தைச் சொல்லும்போது புள்ளி வைத்து, பக்கத்தில் மணியை எழுத வேண்டும்.

17.5 தெற்கு, 60.2 கிழக்கு என்று வைத்துக்கொள்வோம். அளவுகோல் வைத்தால் தீவிலிருந்து 3.8 செமீ, அதாவது 410 கிமீ சொச்சம். மணிக்கு 15 கிமீ நகர்ந்தால் ஆறு மணி நேரத்தில் 90 கிமீ, தாளில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. இதைத் தானே கணக்குப் போட்ட பிள்ளை "இப்பவே வந்துருமா?" என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்காது.

இரண்டு இடத்தில் தவறு வரும். பள்ளிக் கணக்கில் எண் மேலே போகப் போகக் கூடும்; நம்ம வரைபடத்தில் தெற்கு 10 மேலே, 25 கீழே. தலைகீழாகப் போட்டால் வடக்கிலிருந்து வரும் புயல் தெற்கிலிருந்து வருவது போலத் தெரியும். இன்னொன்று, 17.5 என்பது 17 பாகை 30 நிமிஷம், 17 பாகை 5 நிமிஷம் அல்ல. மையம் நெருங்கினதும் வேறு தாள் எடுங்கள்: தெற்கு 17 முதல் 23, கிழக்கு 54 முதல் 61, பாகைக்கு 3 செமீ. முதல் தாளில் அரிசி அளவு இருந்த 65 கிமீ நீளத் தீவு இதில் 1.75 செமீ ஆகிவிடும்.

காற்றை வைத்தும் மையத்தைக் கண்டுபிடிக்கலாம். நம்ம தென்கோளத்தில் காற்று மையத்தைக் கடிகாரச் சுற்றில் சுற்றும். காற்று வரும் திசைக்கு முகத்தைக் காட்டி நின்றால் மையம் இடக்கைப் பக்கம், கொஞ்சம் பின்னால். வெளியே போக வேண்டியதில்லை. எந்தச் சுவரில் மழை அறைகிறது, எந்தக் கதவிடுக்கு விசில் அடிக்கிறது என்று கேட்டாலே திசை தெரியும். தென்கிழக்குக் காற்று என்றால் மையம் வடகிழக்கில். திசை மாறாமல் காற்று மட்டும் ஏறிக்கொண்டே போனால் நேராக வருகிறது, திசை திரும்பிக்கொண்டே போனால் பக்கமாகக் கடக்கிறது.

மருதாணி, காத்ர் போர்ன்:

ஐயா, இதில் ஒரு எச்சரிக்கை சேர்க்க வேண்டும். பயந்த சுபாவமுள்ள பிள்ளைக்கு இந்த வரைபடமே கவலையைக் கூட்டும். புள்ளிகளைக் கோடாக இழுத்துப் பார்த்தால் அது நேரே நம்ம வீட்டுத் தலையில் போய் நிற்கும். அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்கிற பிள்ளைகள் உண்டு. குழந்தை மனநலம் பார்க்கிறவர்கள் சொல்வதும் இதுதான்: தெரியாமல் இருப்பதும் பயம், நிறுத்தாமல் செய்தி கேட்பதும் பயம்.

கட்டம்_காகிதம்:

ஒத்துக்கொள்கிறேன் அக்கா. அதனால்தான் முன்னே கோடு இழுக்க விடுவதில்லை, வந்த வழிக்கு மட்டும் கோடு. இனி போகும் வழிக்கு விசிறி மாதிரி விரியும் ஒரு பட்டையை பென்சிலால் லேசாக நிழலிட வேண்டும். எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பது கண்ணுக்குத் தெரியும். வானொலியையும் அறிவிப்பு நேரத்தில் மட்டும் போடுங்கள், அஞ்சு நிமிஷம், பிறகு நிறுத்துங்கள். தாளை மடித்து டப்பாவில் வைத்துவிட வேண்டும், சுவரில் ஒட்டக் கூடாது.

மருதாணி, காத்ர் போர்ன்:

அப்படியானால் சரி. ஆறு ஏழு வயசுக்கு வரைபடம் இல்லாமல் ஐந்து படம் போதும்: மழை, பெரிய காற்று, அமைதி, மறுபடி பெரிய காற்று, சூரியன். ஒவ்வொன்றும் முடிந்ததும் துணி கிளிப்பை அடுத்த படத்துக்கு நகர்த்தட்டும். நடுவில் வரும் அமைதி சைக்ளோனின் கண் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கண் நம்ம மேல் வராமலும் போகலாம், அப்போது அந்த இரண்டு படத்தையும் எடுத்துவிடலாம். வந்தால், முடிந்துவிட்டது என்று கதவைத் திறந்து பிள்ளைகளை வெளியே விடுவதுதான் பெரிய ஆபத்து. காற்று எதிர்த்திசையிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி அடிக்கும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் இந்தப் படவரிசை மிகவும் உதவும். அவர்களுக்குக் காற்றைவிட அன்றாட ஒழுங்கு கலைவதுதான் கஷ்டம். குழாயில் தண்ணி நின்றால் குளியல் இல்லை, கரண்ட் இல்லாவிட்டால் வழக்கமான கார்ட்டூன் இல்லை. "குளியல்" படத்தை எடுத்துவிட்டு "ஈரத்துணியால் துடைப்பது" படத்தைக் கிளாஸ் 2-லேயே காட்டிப் பழக்குங்கள். கட்டிட வேலைக்காரர்கள் மாட்டும் காதுமூடியை வெயில் நாளிலேயே விளையாட்டாக மாட்டிப் பார்க்க வேண்டும், அன்றைக்குப் புதிதாகக் கொடுத்தால் பிடுங்கி எறிவார்கள். மேசைக்கடியில் போர்வை தொங்கவிட்டு ஒரு குகை செய்து கொடுங்கள். அதற்குள் யாரும் அழைக்காமல் போகக் கூடாது என்பது வீட்டுக்கே விதி.

தகரக்கூரை:

தகர வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் இன்னும் பயங்கரம். பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. நிழலாட்டம் அதற்கு ஏற்றது, பேச்சே வேண்டாம். விரிப்பைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, பின்னால் ஒன்றரை மீட்டரில் டார்ச், நடுவில் கை. கையை டார்ச்சுக்குப் பக்கம் கொண்டுபோனால் நிழல் பெரிதாகும், விளிம்பு மங்கும்.

நிறைய எல்இடி உள்ள டார்ச்சில் ஒரு முயலுக்கு ஆறு முயல் விழும், ஒவ்வொரு விளக்கும் தனித்தனி நிழல் போடுகிறது. ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கறுப்பு டேப்பால் மூடுங்கள், நிழல் கத்தி மாதிரி விழும். இதற்கு மெழுகுவத்தி வைக்கவே கூடாது, விரிப்பு பற்றிக்கொள்ளும்.

கரும்புக்காடு:

சத்தம் கொஞ்சம் குறைந்த நேரத்தில் சிராந்தான், அதாவது கிரியோல் விடுகதை, போடலாம். முட்டி முட்டியில் இடிக்க வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் "சிராந்தான்?" என்றால் மற்றவர்கள் "சாம்பெக்!" என்று கத்த வேண்டும். "திலோ திபூத்?" (நிற்கிற தண்ணி) கரும்பு. "திலோ பாந்தான்?" (தொங்குகிற தண்ணி) தேங்காய். அடுத்தவர் நம்ம விடுகதை: பச்சைப் பெட்டிக்குள் வெள்ளை முத்து. வெண்டைக்காய். பழையது தீர்ந்ததும் அந்த அறையில் இருக்கும் சாமானுக்கே புதுசு கட்டச் சொல்லுங்கள். சேர்ந்து கத்துவதற்கு ஒரு காரணம் கிடைத்தால் பிள்ளைகளுக்குப் பயம் பாதி குறைகிறது. அடைக்கல மையத்தில் தெரியாத பிள்ளைகளோடு இருக்கும்போதும் இது ஒன்றுதான் சாமான் இல்லாமல் நடக்கும்.

இரட்டைவால், வாக்குவா:

உப்பு மாவு பொம்மை செய்யலாமா? காயவே மாட்டேன் என்கிறதே.

ஊசிநூல்:

இரண்டு கப் மைதா, ஒரு கப் உப்பு, முக்கால் கப் தண்ணி கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு கரண்டி எண்ணெய். வெயில் நாளில் இது காயும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணி இழுக்கும், பொம்மை காய்வதற்குப் பதிலாகக் கசியும். சைக்ளோன் நாளில் அப்படித்தான் ஆகும். காய வைக்க நினைக்காதீர்கள். பிசைந்து விளையாடிவிட்டு மூடிய டப்பாவில் வையுங்கள், பிசுபிசுத்தால் ஒரு கை மைதா தூவுங்கள். கரண்ட் வந்தபின் 100 டிகிரி அவனில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் இறுகும். வாயில் வைக்கிற வயசுக்கு இது ஆகாது, அவ்வளவு உப்பு உள்ளே போனால் ஆபத்து. ஃபராத்தா மாவில் ஒரு உருண்டை கிள்ளிக் கொடுங்கள், அன்றைக்கே எறிந்துவிடுங்கள். கை கழுவத் தண்ணி செலவழிக்க முடியாது என்பதால் ஈரத்துணி பக்கத்தில் இருக்கட்டும்.

சவுக்குத்தோப்பு:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், கடைசியாக ஒன்று. சைக்ளோன் போனபிறகும் சில பிள்ளைகள் நாள் கணக்காகச் சைக்ளோன் விளையாட்டே விளையாடுகிறார்களே, வீடு கட்டி, ஊதித் தள்ளி, மறுபடி கட்டி. தடுக்கலாமா?

பாலர்வகுப்பு டீச்சர், ரோஸ் ஹில்:

தடுக்காதீர்கள். பட்டதை ஆடித்தான் பிள்ளைகள் ஜீரணிப்பார்கள். கூட உட்கார்ந்து பாருங்கள். ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறதா என்று கவனியுங்கள். முதல் நாள் வீடு விழும், பிறகு யாரோ வந்து காப்பாற்றுவார்கள், பிறகு கூரை போடுவார்கள். அப்படிப் போனால் நல்லது. ஒரே காட்சியே அச்சு அசலாகத் திரும்பத் திரும்ப, முகத்தில் சிரிப்பே இல்லாமல் நடந்தால், "இப்ப யார் உதவிக்கு வர்றாங்க?" என்று ஒரு பொம்மையை நீங்களே உள்ளே கொண்டுவாருங்கள். ஒரு மாசம் தாண்டியும் தூக்கத்தில் அலறல், நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்புவது, சின்னக் காற்றுக்கே நடுங்குவது என்று இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

முற்றத்தில் விடும் முன்னால் பெரியவர் ஒருவர் நடந்து பார்த்துவிடுங்கள். அறுந்த கரண்ட் கம்பி, தொங்குகிற கிளை, கிழிந்த தகரம். தேங்கின சேற்றுத் தண்ணியில் வெறுங்காலோடு ஆட விடாதீர்கள், எலிமூத்திரக் காய்ச்சல் அதில்தான் பரவும். டயர், தேங்காய் ஓடு, பொம்மை லாரியின் பின்பெட்டி எல்லாவற்றிலும் நிற்கிற தண்ணியைக் கவிழ்ப்பதைப் பிள்ளைகளிடமே வேலையாகக் கொடுங்கள், ஆளுக்கு ஒரு சப்பாத்து ஜோடியோடு. டெங்கு கொசு முட்டையிலிருந்து ஒரு வாரம் பத்து நாளில் பறக்க ஆரம்பித்துவிடும், அதனால் முதல் வாரத்திலேயே இரண்டு தடவை கவிழ்த்துவிடுங்கள்.